பிராக் நகருக்கு முதல் பயணம்: மூன்று நாளில் நடந்தே பார்க்க முழுமையான வழிகாட்டி

ஐரோப்பியச் சுற்றுலாப் பட்டியல்களில் பிராக் நகரத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரு பகல்தான். வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் போகிற வழியில் இறங்கி, கடிகாரத்துக்கு முன்னால் ஒரு படம், பாலத்தில் ஒரு படம், கோட்டை வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால் கூட்டத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். செக் குடியரசின் இந்தத் தலைநகருக்கு மூன்று முழு நாள் கொடுங்கள். முதல் தடவைக்கு அது தாராளமாகப் போதும்.

நகரத்தின் பழைய பகுதி சின்னது. அரசர்கள் முடிசூட்டிக்கொள்ள ஊர்வலமாகப் போன பாதை, வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கிப் பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம் வழியாகக் கோட்டை வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை அதை ஒட்டியே இருக்கின்றன. அதனால் எங்கே போவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை மணிக்குப் போகிறோம், மேட்டிலிருந்து இறங்குகிறோமா ஏறுகிறோமா, அன்று என்ன கிழமை, இந்த மூன்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் பயணம் தானாக அமைந்துவிடும்.

எப்போது போகலாம்

ஏப்ரல் பிற்பாதி முதல் மே வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். என் ஓட்டு அக்டோபர் முதல் பாதிக்கு. குளிர் தாங்கக்கூடியதாக இருக்கும், மரங்கள் மஞ்சளாகியிருக்கும். காலை ஏழு மணி வாக்கில்தான் விடியும் என்பதால், சூரியன் எழும் நேரத்துக்குப் பாலத்தில் நிற்பது சிரமமே இல்லை. ஜூன் மாதம் அதைச் செய்ய நினைத்தால் ஐந்து மணிக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். ஆனால் அப்போது இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் கிடைக்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகள் அழகுதான், ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். நடந்து பார்க்கிறவருக்கு அது பெரிய இழப்பு.

விசாவும் விமானமும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 90 நாள் வரை விசா இல்லாமலே போகலாம். விண்ணப்பத்தைப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம்; 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் காலம் கடந்துவிட்டது. கோடைக்காலப் பயணம் என்றால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே அப்போது கஷ்டம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் வாங்கியதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

பல நாடுகளைச் சேர்த்துப் போகிறவர்கள், அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாடு. விசா கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் மட்டுமே அறை போட்டுவையுங்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா வழியாகப் போனால் குடிநுழைவுச் சோதனை பிராக்கில் நடக்கும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் அது ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே நடந்துவிடும். அங்கே வரிசை நீளமாக இருக்கலாம் என்பதால், இரண்டு விமானங்களுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குவது

பழைய நகரத்துக்குள் தங்க வேண்டும் என்று முதலில் எல்லோருக்கும் ஆசை வரும். வாடகை அதிகம், வார இறுதியில் நள்ளிரவைத் தாண்டியும் தெருவில் சத்தம். நான் சொல்வது வினோஹ்ராடி பகுதி, குறிப்பாக நாமியெஸ்தி மீரு மெட்ரோ நிலையத்தைச் சுற்றி. விமான நிலையத்திலிருந்து 59 எண் டிராலிபஸ்ஸில் ஏறி நாட்ரஷி வெலெஸ்லவீன் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து பச்சை நிற ஏ தட மெட்ரோ நேராக நாமியெஸ்தி மீருவுக்கு வந்துவிடும். அதே இடத்திலிருந்து 22 எண் டிராம் கோட்டைக்கு மேலேயே கொண்டுபோய் விடுகிறது. பழைய நகரத்துக்கு மெட்ரோவில் சில நிமிடம். தெருக்களும் அமைதியானவை, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடைகளும் பக்கத்திலேயே. இந்த நிலையம் தரைக்கு 53 மீட்டர் கீழே இருக்கிறது, நகரிலேயே ஆழமானது. நகரும் படிக்கட்டு நீளம் மட்டுமல்ல, வேகமும் அதிகம். பெரியவர்களோடு போனால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மஞ்சள் தடத்தில் இருக்கும் கார்லீன் பகுதியும் நல்லதுதான், சமதரை என்பது கூடுதல் வசதி. மாலா ஸ்த்ரானா பகுதி கோட்டைக்குக் கீழே மிக அழகாக இருக்கும். ஆனால் கல் பாவிய ஏற்றத்தில் சக்கரப் பெட்டியை இழுக்க வேண்டியிருக்கும். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

பணம்

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் நாணயம் யூரோ இல்லை, கொருனா. கார்டு கிட்டத்தட்ட எங்கும் செல்லும். பொதுக் கழிப்பறை, சந்தைக் கடை, சின்ன மதுக்கூடம் ஆகியவற்றுக்காகக் கொஞ்சம் ரொக்கம் கையில் இருந்தால் போதும். அதை ஏதாவது ஒரு வங்கியின் ஏடிஎம்மில் எடுங்கள்: செஸ்கா ஸ்போரிடெல்னா, கொமெர்ச்னி பாங்கா போன்றவை. சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் இயந்திரங்கள் வேண்டாம். இயந்திரமோ கடைக்காரரோ "உங்கள் ரூபாயிலேயே கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கொருனாவிலேயே கழிக்கச் சொல்லுங்கள். ரூபாய் என்று ஒப்புக்கொண்டால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

தெருவில் யாராவது "நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன்" என்று வந்தால் நிற்காமல் நடங்கள். நாணய மாற்றுக் கடையில் மாற்றி, விகிதம் மோசம் என்று பிறகு தெரிந்தால் ஒரு வழி இருக்கிறது. 2019 முதல் அமலில் உள்ள விதிப்படி, 1,000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கலாம். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

டிக்கெட், டிராம், கால்

மெட்ரோ, டிராம், பேருந்து மூன்றுக்கும் ஒரே டிக்கெட்தான். 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி, 72 மணி என்று கிடைக்கும். விமான நிலையத்திலிருந்து வர 90 நிமிட டிக்கெட் சரியாக இருக்கும். 24, 72 மணி டிக்கெட்டுகள் முத்திரை குத்திய நிமிடத்திலிருந்து கணக்கு, நாள்காட்டித் தேதிப்படி இல்லை. காகித டிக்கெட் வாங்கினால், டிராமிலோ மெட்ரோ வாசலிலோ இருக்கும் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்தியே ஆக வேண்டும். மெட்ரோவில் தடுப்புக் கதவுகள் கிடையாது என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சோதனையாளர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள். டிராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் கார்டைக் காட்டி வாங்கும் டிக்கெட்டுக்கு முத்திரை தேவையில்லை. கைப்பேசியில் வாங்க பிஐடி லீதாச்கா செயலி இருக்கிறது.

ஒன்றை மனதில் ஆழப் பதிய வையுங்கள். பாதசாரிக் கோடு போட்ட இடத்தில்கூட, இங்கே டிராமுக்குத்தான் முன்னுரிமை. கார் நிற்கும், டிராம் நிற்காது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே தண்டவாளத்தைக் கடக்க வேண்டும்.

நடைபாதைகள் கைப்பிடியில் அடங்கும் சின்னச் சின்னக் கற்களைப் பதித்துக் கோலம் போட்டவை. பார்க்க அழகு, மழை பெய்தால் வழுக்கும். அடிப்பாகம் தடித்த, பழகிய ஷூ மட்டுமே எடுத்துப் போங்கள். புது ஷூ வேண்டவே வேண்டாம்.

கிழமையைப் பார்த்து நாளை வகுப்பது

யூத அருங்காட்சியகம் சனிக்கிழமை மூடியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் தேவாலயத்துக்கு ஞாயிறு முற்பகலில் வழிபாடு, நண்பகலுக்குப் பிறகே பார்வையாளர்களை விடுவார்கள். திங்கட்கிழமை சில கலைக்கூடங்களுக்கு விடுமுறை. ஆகவே வெள்ளி, சனி, ஞாயிறு தங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை பழைய நகரமும் யூதர் பகுதியும், சனிக்கிழமை கோட்டை, ஞாயிறு புதிய நகரமும் விஷெஹ்ராடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு கிழமை என்றாலும் இந்த வரிசை நன்றாகவே பொருந்தும்.

முதல் நாள்: பாலம், சதுக்கம், யோசெஃபோவ்

விடியும்போது சார்லஸ் பாலம். நான்காம் சார்லஸ் மன்னர் 1357இல் அடிக்கல் நாட்டியது. அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம், 16 வளைவுகள், 30 சிலைத் தொகுதிகள். பகல் பதினொரு மணிக்கு இங்கே தோளோடு தோள் இடித்துத்தான் நடக்க முடியும். விடியற்காலையில் வல்தாவா நதியின் மேல் மெல்லிய பனி, நாய் கூட்டி வருகிறவர்கள், கேமராவோடு நாலைந்து பேர், அவ்வளவுதான். பழைய நகரப் பக்கமிருந்து கோட்டையை நோக்கி நடந்தால் நடுவில் வலப்பக்கம் நெப்போமுக் யோவான் என்னும் புனிதரின் வெண்கலச் சிலை, 1683இல் வைத்தது. 1393இல் அவர் உடலை ஆற்றில் எறிந்தார்கள். அந்தக் காட்சியைச் செதுக்கிய தகடு சிலைக்குக் கீழே, தொட்டுத் தொட்டுப் பொன் போலப் பளபளக்கிறது. மற்ற சிலைகள் பலவும் கறுத்த நகல்கள். மூலச் சிலைகளைப் பாதுகாப்பாக உள்ளே வைத்துவிட்டார்கள்.

காலை உணவு முடித்து ஒன்பது மணிக்குப் பழைய நகரச் சதுக்கத்துக்கு வாருங்கள். நகரமன்றக் கோபுரத்தின் வானியல் கடிகாரம் 1410ஆம் ஆண்டினது, இன்றும் ஓடுகிறது. மணி அடிக்கும்போது எல்லோரும் மேலே இரண்டு சன்னல்களில் வரும் திருத்தூதர்களைப் பார்க்கிறார்கள். நீங்கள் வலப்பக்க எலும்புக்கூட்டைப் பாருங்கள். அதுதான் கயிற்றை இழுத்து எல்லாவற்றையும் தொடங்கி வைக்கிறது. காட்சி ஒரு நிமிடத்துக்குள் முடிந்து கூட்டம் கலைந்துவிடும். அதற்குப் பிறகுதான் முகப்பை நிதானமாகப் பார்க்க முடியும். ரோமன் எண்கள் இன்றைய நேரம். வெளி வளையம் சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணும் பழைய பொஹீமிய நேரம் (பொஹீமியா, பிராக் தலைநகராக இருந்த பழைய நாடு). நடுவே வளைந்த கோடுகளோடு இருப்பது, பகல்பொழுதை நீளமானாலும் குறுகினாலும் பன்னிரண்டாகவே பிரிக்கும் கணக்கு. நம் பஞ்சாங்கம் ராகுகாலத்துக்குப் பகலை எட்டாகப் பிரிக்கிறதே, அந்த மாதிரிதான். சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் இருக்கின்றன என்பதையும் இதே முகப்பு காட்டுகிறது.

அதே கோபுரத்துக்கு அருகே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். பலர் தெரியாமல் மிதித்துக்கொண்டு போகிறார்கள். 1621 ஜூன் 21 அன்று இங்கே 27 பொஹீமியத் தலைவர்களைக் கொன்றார்கள். ஏன் என்பதற்கான விடை நாளைக்குக் கோட்டையில் ஒரு சன்னலில் இருக்கிறது. எதிரே இரட்டைக் கோபுரம் உயர்ந்த டீன் தேவாலயத்துக்குள் வானியலாளர் டைக்கோ பிராஹேயின் கல்லறை.

பிற்பகல் யோசெஃபோவ், பழைய யூதர் குடியிருப்பு. இங்கே அவசரப்பட வேண்டாம். பழைய இடுகாட்டில் இடம் போதாமல், மண்ணைக் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். சுமார் 12,000 கல்லறைக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அதன் பக்கத்திலேயே பின்காஸ் யூத ஆலயம். உள்ளே சிலையோ படமோ இல்லை, சுவரெங்கும் பெயர்கள் மட்டும். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயரும் பிறந்த நாளும் கையால் எழுதியவை. 1950களில் எழுதிய இந்தப் பெயர்கள் ஆலயம் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தபோது அழிந்துபோயின. 1990களில் மறுபடியும் ஒவ்வொன்றாக எழுதினார்கள். மாடியில் நாஜிகளின் தெரேசின் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த ஓவியங்கள். ஒரே டிக்கெட்டில் எல்லா ஆலயங்களும் இருந்தாலும், இந்த இரண்டையும் 1270 வாக்கில் கட்டிய பழைய-புதிய ஆலயத்தையும் பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஆற்றங்கரையில் யான் பாலக் சதுக்கம். அங்கே நிற்பது சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம். 1348இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் பிராக்கில் பிறந்த தமிழறிஞர் கமில் சுவெலபில் தமிழ் கற்பித்தார். 1968இல் சோவியத் படை நாட்டுக்குள் நுழைந்த பின் இங்கிருந்து வெளியேறி, பிற்காலத்தில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பேராசிரியராக இருந்தார். தமிழ் வாசகர் ஒருவர் இந்தச் சதுக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்பது நியாயம்தான்.

இரண்டாம் நாள்: மேலிருந்து கீழே

கோட்டைக்குக் கீழிருந்து படியேறிப் போகாதீர்கள். 22 டிராமில் ஏறி, கோட்டை நிறுத்தத்தையும் தாண்டி பொஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு இறங்குங்கள். இந்த டிராமில் பிக்பாக்கெட் உண்டு, பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். இனி நாள் முழுக்க இறக்கம்தான். முதலில் ஸ்ட்ராஹோவ் மடத்துத் தோட்டத்து ஓரம். நகரத்தின் சிவப்புக் கூரைகள் மொத்தமும் ஒரே பார்வையில். பிறகு லொரெட்டா தேவாலயம் வழியாக இறங்கி, ஒன்பது மணிக்குக் கோட்டை வாசலில் நில்லுங்கள். பாதுகாப்புச் சோதனை இருக்கலாம். வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. உள்ளே உள்ள கட்டடங்களுக்கு எடுக்கும் டிக்கெட் இரண்டு நாள் செல்லும்.

முதலில் விட்டஸ் தேவாலயம், ஏனென்றால் பத்து மணிக்குள் வரிசை வளர்ந்துவிடும். 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள். இடப்பக்கம் ஓவியர் அல்போன்ஸ் மூகா வடிவமைத்த சன்னலுக்கு முன்னால் காலை வெளிச்சத்தில் நில்லுங்கள். அடுத்து பழைய அரச மாளிகை. நேற்றைய கேள்விக்கு விடை இங்கேதான். 1618 மே 23 அன்று, புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் ஒரு எழுத்தரையும் இந்தச் சன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். மூவருமே பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதிலிருந்து முப்பதாண்டுப் போர் மூண்டது. 1620இல் வெள்ளை மலைப் போரில் பொஹீமியர்கள் தோற்றார்கள், அடுத்த ஆண்டு சதுக்கத்தில் அந்த 27 பேரையும் கொன்றார்கள். சன்னலருகே நின்று கீழே எட்டிப் பார்க்கும்போது வரலாறு கண்முன் வரும்.

பொற்சந்து என்னும் குட்டி வீடுகளின் தெருவில் 22ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் காஃப்கா 1916–17 குளிர்காலத்தில் உட்கார்ந்து எழுதினார். அது அவருடைய தங்கை வாடகைக்கு எடுத்த வீடு. கட்டடங்கள் மூடிய பிறகு மாலையில் இந்தச் சந்துக்குள் இலவசமாகவே போகலாம், கூட்டமும் இருக்காது.

கிழக்கு வாசலில் பழைய கோட்டைப் படிகள் வழியாக இறங்கினால் மாலா ஸ்த்ரானா. மயில் உலாவும் வாலென்ஸ்டைன் தோட்டம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும், இலவசம். பிறகு நெருடோவா தெருவில் கொஞ்ச தூரம் நடங்கள். கதவிலக்கம் வருவதற்கு முன்னால் வீடுகளுக்குச் சின்னங்கள்தான் அடையாளம்: மூன்று வயலின்கள், இரண்டு சூரியன்கள். கதவுக்கு மேல் அவை இன்னும் இருக்கின்றன. மாலையைக் கம்பா தீவில் ஆற்றோரமாகக் கழிக்கலாம். பெட்ரீன் குன்றுக்கு ஏறும் கம்பிவட ரயில் 2024 செப்டம்பரில் புதுப்பிக்க மூடப்பட்டது. ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

மூன்றாம் நாள்: இருபதாம் நூற்றாண்டு

வென்சஸ்லாஸ் சதுக்கம் உண்மையில் முக்கால் கிலோமீட்டர் நீள அகலச் சாலை. மேல் முனையில் தேசிய அருங்காட்சியகம். 1968 ஆகஸ்டில் சோவியத் படை சுட்ட குண்டுகளின் தடங்கள் அதன் தூண்களில் வெளிர்த் திட்டுகளாகத் தெரியும். புதுப்பித்தபோதும் அவற்றை மறைக்காமல் விட்டார்கள். அதற்கு முன்னால்தான் 1969 ஜனவரியில் மாணவர் யான் பாலக் தீக்குளித்தார். அங்கிருந்து நாரோட்னி தெருவுக்குப் போங்கள். ஒரு கட்டடத்தின் வளைவுப் பாதைக்குள் சுவரில் வெண்கலக் கைகள். 1989 நவம்பர் 17 மாணவர் ஊர்வலத்தைக் காவல்துறை அடித்த இடம். அதிலிருந்து சில வாரங்களில் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தது.

பிற்பகலுக்கு விஷெஹ்ராட், சிவப்புத் தட மெட்ரோ. ஆற்றுக்கு மேல் பாறை மீது பழைய கோட்டை, மதில்மேல் நடக்கக் கட்டணமில்லை. இடுகாட்டில் இசையமைப்பாளர்கள் துவோர்ஷாக், ஸ்மெத்தனா, ஓவியர் மூகா, எழுத்தாளர் காரெல் சாபெக் ஆகியோரின் கல்லறைகள். உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தைகளோடு உலாவும் இடம். நேரம் குறைந்தால் வேறு எதை வேண்டுமானாலும் விடுங்கள், இதை விடாதீர்கள். அன்று கூத்னா ஹோரா போன்ற வெளியூருக்கு ஒரு நாள் பயணம் போகலாமே என்று தோன்றும். அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாடு

செக் சமையல் இறைச்சியை நம்பியது. புகழ்பெற்ற ஸ்வீச்கோவா மாட்டிறைச்சி, வேண்டாதவர்கள் கவனிக்கவும். ஹொவியெஸி என்றால் மாடு, வெப்ர்ஷொவே என்றால் பன்றி, குர்ஷெட்ஸி என்றால் கோழி. "பெஸ் மாசா" என்றால் இறைச்சி இல்லாமல். காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம், கேட்டுவிடுங்கள். சைவர்களுக்குப் பொரித்த பாலாடைக்கட்டி, பூண்டு போட்ட உருளைக்கிழங்கு அடை இரண்டும் எங்கும் கிடைக்கும். பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் தாபா பியாஸ் என்னும் சைவ உணவகத்தில், தட்டில் எடுத்ததை எடைபோட்டுக் காசு வாங்குவார்கள். பருப்பும் சோறும் கிடைக்கும். வார நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை உணவகங்களில் மலிவான மதிய உணவுப் பட்டியல் தனியாக உண்டு. முக்கியமான சாப்பாட்டை அப்போது வைத்துக்கொண்டால் செலவு நன்றாகக் குறையும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டிலை அறையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மேசையில் கேட்காமல் வைக்கும் ரொட்டிக்குக் காசு போடக்கூடும். சேவை பிடித்திருந்தால் பத்து சதவீதம் டிப்ஸ் வழக்கம். தெருவெல்லாம் சுட்டு விற்கும் சர்க்கரை உருளை ரொட்டி, சுற்றுலாப் பயணிகளுக்காக வந்த பண்டம். ஒரு தடவை சாப்பிட்டால் போதும்.

திரும்பும் நாள்

ஷெங்கனுக்கு வெளியே போகும் விமானங்கள் ஒன்றாம் முனையம், உள்ளே போகிறவை இரண்டாம் முனையம். வினோஹ்ராடியிலிருந்து வந்த வழியிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கிளம்புங்கள். ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 கொருனாவுக்கு மேல் கண்ணாடிப் பொருளோ கார்னெட் என்னும் சிவப்புக் கல் நகையோ வாங்கியிருந்தால், வரி திரும்பப் பெறும் படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் விமான நிலையத்தில் சுங்க முத்திரை குத்தும்போது பொருளைக் காட்டச் சொல்வார்கள். அதனால் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க மேசைக்குப் போய்விடுங்கள். கொருனா நாணயங்களை ஊரில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். கிளம்பும் காலை ஏதாவது பேக்கரியில் அவற்றைச் செலவழித்துவிடுங்கள்.